‘ஸ்ட்ரகிள்’: ஓர் ஆங்கில வினையும் அதன் சுற்றமும்

ஆங்கிலத்தில் இடர்ப்பாட்டைச் சொல்லும் வினைச்சொற்கள் பல இருந்தாலும், நாளேடு முதல் நாவல் வரையிலும், மருத்துவமனைக் குறிப்பு முதல் பள்ளியின் முன்னேற்ற அறிக்கை வரையிலும் எங்கும் எதிர்ப்படுவது ‘ஸ்ட்ரகிள்’ என்னும் வினையே ஆகும். மூச்சுவிட முடியாமல் தவிக்கும் நோயாளியும், வட்டி கட்ட வழியின்றித் தள்ளாடும் ஆலையும், அடக்குமுறையை எதிர்த்து நிற்கும் மக்களும், கணக்குப் பாடத்தில் திணறும் மாணவனும் அம்மொழியில் இந்த ஒரே வினையால் சுட்டப்படுகின்றனர். இவ்விடங்கள் அனைத்திலும் ‘போராடு’ என்ற ஒரு சொல்லையே தமிழில் இட்டு நிரப்பினால், நோயாளியின் நிலை ஒருவாறு விளங்கும், மக்களின் நிலை நன்றாகவே விளங்கும். ஆனால் ‘ஆலை போராடுகிறது’ என்று படிப்பவர், தொழிலாளர்கள் வாயிலில் கொடிபிடித்து நிற்கிறார்கள் என்றே எண்ணிக்கொள்வார். மாணவர் வழிகாட்டிகளிலும் போட்டித் தேர்வு நூல்களிலும் இவ்வினைக்கு நேராகப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் அடுக்கித் தரப்படுகின்றன; அவற்றுள் எதை எடுத்து எங்கே வைப்பது என்பதை அவ்வடுக்கு சொல்வதில்லை. ஒரு வினையின் பொருளை அறுதியிடுவது அதற்கு நிகரான சொற்களின் பட்டியலா, அது வாக்கியத்தில் யாரோடு கூடி நிற்கிறது என்பதா என்ற கேள்வியை இந்த ஒரு சொல்லைக் கொண்டே ஆராய முடியும்.

இச்சொல்லின் பிறப்பு தெளிவாகத் தெரியவில்லை. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, இதன் மூலம் உறுதியற்றது என்று சொல்லிவிட்டு நேரே பொருள்களுக்குச் சென்றுவிடுகிறது. பின்வந்த சொற்பிறப்பியல் அறிஞர்களுள் ஒரு சாரார், பகைமை அல்லது மனக்கசப்பு என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லோடு இதனை இணைத்தனர். மற்றொரு சாரார், கால் இடறித் தடுமாறுதலைக் குறிக்கும் டச்சு, ஜெர்மன் வினைகளோடு இணைத்தனர். இரண்டில் எது சரி என்று இன்றும் முடிவு காண இயலவில்லை. ஆயினும் இவ்விரு ஊகங்களும் இச்சொல்லின் இன்றைய இரு முகங்களோடு பொருந்திப்போவது வியப்புக்குரியது: ஒரு முகம் எதிரியோடு மல்லுக்கட்டுவது, மற்றொரு முகம் எதிரி எவரும் இல்லாமலேயே தட்டுத்தடுமாறுவது. இதனைச் சான்றாகக் கொள்ள முடியாது, நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சொல்லின் ஈற்றைப் பற்றி மட்டும் கூடுதல் உறுதியோடு பேச இயலும். ‘ரெஸில்’, ‘ஸ்கஃபில்’, ‘ரிகில்’, ‘ஸ்க்ராம்பில்’ எனப் புரளுதல், நெளிதல், மல்லாடுதல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கில வினைகள் பலவும் இதே ஒலியில் முடிகின்றன. ஒரு செயல் ஒரு தடவையோடு நின்றுவிடாமல் சிறிது சிறிதாக மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காட்டும் இந்த ஈறு, இலக்கணத்தில் மீள்நிகழ்வு ஈறு எனத்தக்கது. ஓர் உந்துதலில் முடிந்துபோகும் முயற்சியை ‘ஸ்ட்ரகிள்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. கதவைத் தோளால் ஒருமுறை இடித்துத் திறந்தவர் அதனோடு ‘ஸ்ட்ரகிள்’ செய்தவர் ஆகமாட்டார். சாவியை நுழைத்து, திருகி, எடுத்து, மறுபடியும் நுழைத்தவரே அச்சொல்லுக்கு உரியவர்.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல்லுக்குக் கிடைத்த இடங்களுள் ஒன்று சற்று வேடிக்கையானது. ஜெஃப்ரி சாசரின் கேன்டர்பரிக் கதைகளுள் வணிகன் சொல்லும் கதையில், கண்பார்வையிழந்த முதிய கணவனுக்குத் தெய்வ அருளால் திடீரெனப் பார்வை திரும்புகிறது. திரும்பிய கணமே, பேரிமரத்தின் மேல் தன் இளம் மனைவி வேறோர் இளைஞனோடு இருப்பதைக் காண்கிறான். கணவனின் கண்கள் குணமாக வேண்டுமானால் மரத்தின் மேல் ஓர் ஆடவனோடு ‘ஸ்ட்ரகிள்’ செய்ய வேண்டும் என்று தனக்கு மருந்து சொல்லப்பட்டதாக அவள் சாதிக்கிறாள். கணவனோ அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு, தான் கண்டது அதுவா என்று கொதிக்கிறான். இருவர் உடல்கள் ஒழுங்கின்றிப் பின்னிக்கிடக்கும் காட்சிக்கு இச்சொல் அக்காலத்திலேயே பொருந்தியதாலும், அக்காட்சிக்கு மாசற்ற விளக்கம் தரும் திரையாகவும் அது பயன்பட்டதாலும்தான் சாசரால் இந்த நகைச்சுவையைப் படைக்க முடிந்தது. இன்றைய அலுவலக ஆங்கிலத்திலும் இச்சொல் திரையாகப் பயன்படுவது பின்னர்க் காட்டப்படும்.

1611-இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் விவிலியம் இச்சொல்லுக்கும் அதன் மிக நெருங்கிய உறவான ‘ரெஸில்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மனிதரின் வாழ்க்கையில் வைத்துக் காட்டுகிறது. ஆதியாகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில், ரெபெக்காளின் வயிற்றில் ஏசாவும் யாக்கோபும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடத்தில் வருவது ‘ஸ்ட்ரகிள்’. 32-ஆம் அதிகாரத்தில், வளர்ந்து ஆளான யாக்கோபு இரவெல்லாம் விடியும்வரை பெயர் தெரியாத ஒருவரோடு மல்லுக்கட்டும் இடத்தில் வருவது ‘ரெஸில்’. கருவறைக்குள் நிகழ்ந்ததில் பிடியும் இல்லை, முறையும் இல்லை, யார் எதைச் செய்தார் என்ற தெளிவும் இல்லை. இரண்டாவதிலோ எதிரெதிரே இருவர் நிற்கின்றனர், பிடி இருக்கிறது, விட மறுப்பது இருக்கிறது, முடிவும் இருக்கிறது. ‘ரெஸில்’ என்பதன் அடிச்சொல் முறுக்குதல் என்று பொருள்படுவது. மனச்சான்றோடும் விடைகாணாக் கேள்வியோடும் ஒருவர் போரிடுவதை ஆங்கிலேயர் இச்சொல்லால் குறிப்பதற்கு, எதிரி தனக்கு நிகரானவன் என்ற எண்ணம் அதில் உறைந்திருப்பதே காரணம்.

உறவுச் சொற்கள் பிறவற்றிலும் இவ்வாறே ஒவ்வொன்றும் தன் பழைய தொழிலை மறவாதிருக்கிறது. ‘கிராப்பிள்’ என்பது பகைக்கப்பலைத் தன் கப்பலோடு இழுத்துப் பிணைக்கப் பயன்பட்ட இரும்புக் கொக்கியின் பெயரிலிருந்து வந்ததால், பிடி கிடைத்துவிட்ட சிக்கலைக் கையாளுவதற்கு அது ஏற்றது. என்ன செய்வதென்றே தெரியாதவர் எதையும் ‘கிராப்பிள்’ செய்வதில்லை. ‘ஸ்ட்ரைவ்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்து, ‘ட்ரைவ்’ போன்ற நாட்டுச் சொற்களைப் பார்த்து ‘ஸ்ட்ரோவ்’, ‘ஸ்ட்ரிவன்’ என்று இறந்தகால வடிவங்களை வகுத்துக்கொண்டது. தொடக்கத்தில் சண்டையைக் குறித்த அது, இன்று பெரும்பாலும் உயர்ந்த நோக்கத்துக்காக முயல்வதையே குறிப்பதால் நிறுவனங்களின் குறிக்கோள் வாசகங்களில் ஓயாமல் இடம்பெறுகிறது. சிறந்த சேவைக்காக ‘ஸ்ட்ரைவ்’ செய்வதாக வங்கி எழுதலாம். ‘ஸ்ட்ரகிள்’ செய்வதாக எழுதினால் வாடிக்கையாளர் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ‘கோப்’ என்ற சொல்லின் பயணம் இதற்கு நேர்மாறானது: அடித்தல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்து, கைகலப்பைக் குறித்து, படிப்படியாக வீரியம் இழந்து, இன்று எப்படியோ சமாளித்துக்கொள்வதைக் குறிக்கிறது. ‘ஃபிளவுண்டர்’, ‘ஃபவுண்டர்’ என்ற இரண்டையும் ஆங்கில நாளேடுகளே குழப்பிக்கொள்கின்றன. முன்னது நீரிலோ சேற்றிலோ கைகாலடித்துத் தத்தளிப்பது. பின்னது, அடித்தளம் என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததால், கப்பல் நீர்நிரம்பி மூழ்கிப்போவது. முதல் நிலையில் உள்ள நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கலாம், இரண்டாம் நிலையில் உள்ளதற்குக் கொடுப்பதில் பயனில்லை.

இச்சொற்கள் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்த பெருமை பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவரைச் சேரும். 1779-இல் பிறந்து, இலண்டன் ராயல் கழகத்தின் செயலாளராக இரு பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இவர், தம் எழுபத்து மூன்றாம் வயதில், 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியம், அகரவரிசையைக் கைவிட்டு, கருத்துகளை ஆயிரம் தலைப்புகளாகப் பகுத்து, ஒவ்வொரு தலைப்பின் கீழும் அதற்குரிய சொற்களைத் தொகுத்தது. எதிர்க்கருத்துகளை அடுத்தடுத்த பத்திகளில் நேருக்கு நேர் நிறுத்தியது. அதில் இடர்ப்பாட்டுக்கும் எளிமைக்கும் தனித்தனித் தலைப்புகள் உண்டு. பொருள்வகையால் சொற்களைத் தொகுக்கும் இம்முறை தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனத் தொகுதி தொகுதியாகச் செல்லும் திவாகரமும் பிங்கலந்தையும் சூடாமணி நிகண்டும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அப்பணியைச் செய்துவிட்டன. ரோஜேவுக்குத் தமிழ் நிகண்டுகளைப் பற்றித் தெரிந்திருந்ததாகக் காட்டச் சான்றில்லை. ஆனால் அவ்வகையின் வடமொழி நூலான அமரகோசத்தை, 1808-இல் செராம்பூரில் அச்சான கோல்புரூக்கின் மொழிபெயர்ப்பைச் சுட்டி, தம் முன்னுரையில் அவரே குறிப்பிட்டுள்ளார். அதன் பகுப்பு முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. நிகண்டு மனப்பாடத்துக்காகச் செய்யுளில் இயற்றப்பட்டது என்பதையும், தம் நூலோ மேசைமேல் வைத்துப் புரட்டுவதற்குரியது என்பதையும் அவர் எண்ணிப் பார்த்திருந்தால் தீர்ப்பு சற்று இளகியிருக்கக்கூடும்.

ரோஜேவின் நூல் யாருக்கு உரியது என்பதை மறந்ததால்தான் பின்னர்ப் பிழைகள் பெருகின. கருத்து நெஞ்சில் நின்று, சொல் நாவில் வராமல் தவிக்கும் எழுத்தாளருக்கு அது நினைவூட்டும் நூல். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அவர் முன்பே அறிவார். கண்ட மாத்திரத்தில் எது பொருந்தும் என்று அவரது செவி சொல்லிவிடும். அம்மொழியைப் புதிதாகக் கற்பவரிடம் அதே பட்டியலைக் கொடுப்பது, ஒருபொருட்சொற்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று நிற்கும் என்ற தவறான நம்பிக்கையைக் கொடுப்பதாகும். பிரான்சில் 1718-இலேயே கப்ரியேல் ஜிரார் என்ற துறவி, ஒருபொருட்சொற்கள் எனப்படுபவை உண்மையில் ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருள்சாயை உடையவை என்று வாதிட்டு நூல் எழுதினார். இங்கிலாந்தில் 1794-இல் ஹெஸ்டர் பியோட்ஸியும், 1816-இல் ஜார்ஜ் கிராபும் அவ்வழியில் சென்றனர். வேறுபாட்டைக் கற்பித்த இவர்களுடைய நூல்கள் மறக்கப்பட்டு, ஒற்றுமையை அடுக்கிய ரோஜேவின் நூல் நிலைத்ததற்குப் பயன்படுத்துவதன் எளிமையன்றி வேறு காரணம் காண்பது அரிது.

‘ஸ்ட்ரகிள்’ செயப்படுபொருளை ஏற்காத வினை. ‘ஃபைட்’ என்பதற்குப் பின்னால் எதிரியின் பெயரை நேராக இட்டுவிடலாம். ‘ஸ்ட்ரகிள்’ என்பதற்குப் பின்னால் அவ்வாறு இட முடியாது, இடையில் ஒரு முன்னிடைச்சொல் வந்தே தீரவேண்டும். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே தனியாக நின்று செய்யும் சிறுசொல்லே முன்னிடைச்சொல். இவ்வினையைப் பொறுத்தவரை பொருளின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்தச் சிறுசொல்லே. ‘அகெயின்ஸ்ட்’ வந்தால் எதிர்ப்பு: அநீதியை எதிர்த்துப் போராடுதல், வெள்ளத்தை எதிர்த்து நீந்துதல். ‘ஃபார்’ வந்தால் பெறவேண்டிய ஒன்று உண்டு: உரிமைக்காக, ஒரு வாய் மூச்சுக்காக. ‘ஓவர்’ வந்தால் இருவர் நடுவே ஒரு பொருளோ அதிகாரமோ கிடக்கிறது. ‘அண்டர்’ வந்தால் தலைமேல் சுமை. ‘த்ரூ’ வந்தால், சலிப்பூட்டும் புத்தகத்தையோ துயரம் மிகுந்த ஓர் ஆண்டையோ ஒருவழியாகக் கடந்து வெளியே வந்தாயிற்று. ‘ஆன்’ வந்தால், முடியவில்லை, ஆனாலும் விடவில்லை.

இவற்றுள் ‘வித்’ தனியே பேசத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் ‘எதிராக’ என்பதே. தாக்குப்பிடித்து எதிர்த்து நிற்றலைச் சொல்லும் ‘வித்ஸ்டாண்ட்’ என்ற சொல்லில் அப்பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. பின்னர் அது ‘உடன்’, ‘ஓடு’ என்ற பொருளுக்கு மாறிவிட்ட பிறகும், சண்டையைக் குறிக்கும் வினைகளின் பக்கத்தில் மட்டும் பழைய பகையைக் கைவிடவில்லை. ஆகவே, ஒருவர் மற்றொருவரோடு ‘ஸ்ட்ரகிள்’ செய்தார் என்னும் ஆங்கில வாக்கியம், அவரை எதிர்த்தார் என்றும் அவருக்குத் தோள்கொடுத்தார் என்றும் இருபொருள்படக்கூடும். தமிழின் ‘ஓடு’ உருபிலும் இதே வழுக்கல் இருப்பதால் – ‘பகைவரோடு போரிட்டான்’, ‘நண்பரோடு போரிட்டான்’ – மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் தடுமாறாமல் கடந்துவிடுவதும், கடந்தபின் பொருள் தலைகீழாகியிருப்பதைக் காணாமல் விடுவதும் நேர்கின்றன.

‘டு’ என்ற சிறுசொல் செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. கடலில் விழுந்த ஒருவரைப் பற்றிய இரு வாக்கியங்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். ‘ஹி ஸ்ட்ரகிள்ட் டு த ஷோர்’ என்றால் அவர் பிழைத்தார். ‘ஹி ஸ்ட்ரகிள்ட் டு ரீச் த ஷோர்’ என்றால் பிழைத்தாரா என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியவரும். முதலாவதில் ‘டு’ இடப்பெயரின் முன்னால் நின்று, நகர்வையும் சேர்விடத்தையும் உணர்த்துகிறது. வினை அந்நகர்வின் முறையை மட்டும் சொல்கிறது. இரண்டாவதில் ‘டு’ மற்றொரு வினையின் முன்னால் நின்று, தமிழின் செயவென் எச்சம் போல நோக்கத்தை உணர்த்துகிறது. நோக்கம் நிறைவேறியதா என்று அது சொல்வதில்லை. தமிழில் இந்த இரண்டையும் எழுதும்போது வாக்கியத்தின் தலையும் வாலும் இடம் மாறிக்கொள்கின்றன. முதலாவது ‘தட்டுத்தடுமாறிக் கரைசேர்ந்தார்’ என்றாகும்: சேர்தல் முற்றுவினையாகவும் தடுமாற்றம் எச்சமாகவும் அமைகின்றன. இரண்டாவது ‘கரைசேரத் தத்தளித்தார்’ என்றாகும்: தத்தளிப்பு முற்றாகவும் சேர்தல் எச்சமாகவும் அமைகின்றன. நகர்வின் வழியை எந்த உறுப்பில் வைத்துச் சொல்கின்றன என்பதைக் கொண்டு உலக மொழிகளை வகைப்படுத்திய லெனார்ட் டால்மி போன்ற மொழியியலாளர்கள் 1980களிலிருந்து ஆராய்ந்துவரும் வேறுபாடு இதுவே. ஆங்கிலச் செய்தியாளர்கள் இரண்டாம் அமைப்பை மிகவும் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நிறுவனம் சம்பளம் கொடுக்க ‘ஸ்ட்ரகிள்’ செய்கிறது என்று எழுதினால், கொடுத்தது என்றும் சொன்னதாகாது, கொடுக்கவில்லை என்றும் சொன்னதாகாது. வழக்குப் போட இடமில்லை.

இச்சொல்லின் வரலாற்றில் மிகவும் கனமான ஏடு சார்லஸ் டார்வின் எழுதியது. 1859 நவம்பரில் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முழுத்தலைப்பிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது. அதன் மூன்றாம் அதிகாரத்துக்கும் வாழ்வுக்கான ‘ஸ்ட்ரகிள்’ என்பதே தலைப்பு. இத்தொடர் டார்வின் ஆக்கியதன்று; மக்கட்பெருக்கம் பற்றி மால்தஸ் 1798-இல் எழுதிய நூலிலேயே அது காணப்படுகிறது. ஆனால் ஒரு சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறோம் என்று வாசகருக்கு விளக்கிச் சொல்லும் அகராதியாசிரியரின் கவனத்தை டார்வினிடம்தான் காண்கிறோம். இச்சொல்லை விரிந்த, உருவகப் பொருளில் ஆள்வதாக அறிவித்துவிட்டு, அவர் எடுத்துக்காட்டுகளைத் தளர்வின் வரிசையில் அடுக்குகிறார். பஞ்சகாலத்தில் இரையைப் பெறவும் உயிர்பிழைக்கவும் இரு நாய்கள் ஒன்றோடொன்று மோதுவது சொல்லுக்கு நேரான பொருள். பாலைவனத்தின் ஓரத்தில் நிற்கும் செடி வறட்சியை எதிர்த்துப் போராடுகிறது என்று சொல்லலாம் என்றாலும், ஈரத்தைச் சார்ந்திருக்கிறது என்பதே சரி என்று அவரே திருத்துகிறார். ஆப்பிள் மரத்தின் மேல் ஒட்டி வளரும் மிசில்டோ என்னும் புல்லுருவிச் செடி மரத்தோடு போராடுகிறது என்பது வலிந்து கொள்ளும் பொருள். ஒரே கிளையில் நெருங்கி முளைத்த பல நாற்றுகள் ஒன்றோடொன்று போராடுகின்றன என்பது அதைவிடப் பொருத்தம். பறவைகள் தன் கனியைத் தின்று விதையைப் பரப்ப வேண்டும் என்பதற்காக அது பிற கனிச்செடிகளோடு போராடுகிறது என்றும் சொல்லலாம். ‘வித்’, ‘அகெயின்ஸ்ட்’, ‘ஃபார்’ என்ற மூன்று சிறுசொற்களும் இப்பத்தியில் மாறிமாறி வந்து, பகை, இடர், வேட்கை என்ற மூன்று உறவுகளை ஒரே வினையில் கட்டுகின்றன.

பிறமொழிகளில் இக்கட்டு அவிழ்ந்துவிட்டது. 1860-இல் பிரான் என்ற ஜெர்மன் இயற்கையியலாளர் அந்நூலை மொழிபெயர்த்தபோது ‘காம்ப்ஃப்’ என்ற சொல்லை இட்டார். அது களத்தில் எதிரியைச் சந்திக்கும் போரைக் குறிப்பது. இதனால் எழுந்த ஐயத்துக்கு, 1869-இல் வில்லியம் பிரையர் என்ற உடலியல் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் டார்வினே விடை தருகிறார். ஜெர்மன் சொல் அதே கருத்தைத் தரவில்லை என்று தமக்கு ஐயம் உண்டு எனக் கூறி, ஆங்கில வழக்கில் மூன்று நிலைகளுக்கும் இத்தொடர் சரியானதே என்கிறார்: பஞ்சத்தில் ஒரே இரையைத் தேடும் இருவர், யாரும் எதிரே இல்லாமல் தனியாக இரை தேடும் ஒருவர், கப்பல் உடைந்து அலைகளோடு மல்லாடும் ஒருவர். நடுவில் உள்ளவரைக் கவனிக்க வேண்டும். அவருக்கு எதிரி இல்லை. ஆகவே ‘காம்ப்ஃப்’ இல்லை. ஆனால் ‘ஸ்ட்ரகிள்’ உண்டு. அந்த நடுவிலுள்ளவர் மொழிபெயர்ப்பில் காணாமல்போனதன் விளைவு சிறிதன்று. இயற்கை முழுவதையும் ஓயாத கொலைக்களமாகக் காட்டியவர்கள் டார்வினின் பெயராலேயே அவ்வாறு செய்தார்கள். 1902-இல் ‘பரஸ்பர உதவி’ நூலை வெளியிட்ட பீட்டர் குரோபோட்கின், சைபீரியாவின் கடுங்குளிரில் விலங்குகள் ஒன்றையொன்று எதிர்ப்பதைவிடச் சூழலை எதிர்த்துச் சேர்ந்து நிற்பதையே மிகுதியாகக் கண்டதாகச் சொல்லி, டார்வினின் அந்த விரிந்த பொருளை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. தமிழில் வழங்கும் ‘வாழ்க்கைப் போராட்டம்’ என்ற தொடர் இவ்வகையில் ஆங்கிலத்துக்கு நெருக்கமானது. போர் என்னும் சொல் அதன் உள்ளே இருந்தபோதிலும், தனியாளாக இரு வேளைச் சோற்றுக்கு அலைபவரையும் அது தன்னுள் அடக்கிக்கொள்கிறது.

ஜெர்மன் சொல்லுக்கு எதிர்த்திசையில் நேர்ந்ததும் குறிப்பிடத்தக்கது. கம்யூனிஸ்ட் அறிக்கையை 1888-இல் சாமுவேல் மூர் ஏங்கெல்சின் மேற்பார்வையில் ஆங்கிலமாக்கியபோது, ‘காம்ப்ஃப்’ என்பதற்கு ‘ஸ்ட்ரகிள்’ என்ற சொல்லே இடப்பட்டு, வர்க்கப் போராட்டம் என்ற தொடர் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ‘காம்ப்ஃப்’ என்ற சொல்லைத் தலைப்பில் கொண்ட ஹிட்லரின் நூலை 1933-இல் டக்டேல் என்பவர் சுருக்கி மொழிபெயர்த்தபோது, அதே சுருக்கம் இலண்டனில் ‘மை ஸ்ட்ரகிள்’ என்றும் அமெரிக்காவில் ‘மை பேட்டில்’ என்றும் இரு பெயர்களில் வெளிவந்தது. இலண்டன் தலைப்பில் ஒரு தனிமனிதனின் துன்பச் சாயல் படிகிறது. அமெரிக்கத் தலைப்பில் படைநடப்பு மட்டுமே தெரிகிறது. நூலின் உள்ளடக்கத்தை வைத்துப் பார்த்தால் அமெரிக்கப் பதிப்பாளரின் செவியே நேர்மையானது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வினை தன் துணைச்சொற்களை ஒவ்வொன்றாக உதறிவிட்டுத் தனியே நடக்கத் தொடங்கியது. எதனோடு, எதற்காக என்று சொல்லாமல் ‘ஐ ஆம் ஸ்ட்ரக்லிங்’ என்று மட்டும் ஒருவர் மருத்துவரிடமோ மேலாளரிடமோ சொன்னால், மனம் தாங்கவில்லை என்று பொருள். தமிழ்ப் பேச்சில் ‘முடியலை’ என்ற ஒற்றைச் சொல் இதற்கு ஏறத்தாழ ஈடாகும். பெயரடையாக முன்னால் வரும்போது இதுவே இடக்கரடக்கலாகிவிடுகிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளை அமெரிக்கக் கல்வி அறிக்கைகளில் ‘ஸ்ட்ரக்லிங் ரீடர்’ ஆகிறது, நடத்த முடியாத பள்ளி ‘ஸ்ட்ரக்லிங் ஸ்கூல்’ ஆகிறது. தோற்றுவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்லாத கருணை இதில் உண்டு. ஆனால், முயற்சி நடந்துகொண்டிருக்கிறது என்ற குறிப்பு இச்சொல்லிலேயே பொதிந்திருப்பதால், முயற்சியே நடவாத இடத்திலும் நடப்பதாகக் காட்டிவிடும் வசதியும் உண்டு. பிள்ளையைப் பொறுத்தவரை அது கருணை. பள்ளியின் நிர்வாகத்தைப் பொறுத்தவரை அது சாசர் கதையின் மனைவி சொன்ன சாக்குக்குச் சற்றும் குறைந்ததன்று.

இந்திய ஆங்கிலம் இதே சொல்லை வேறு வழியில் கொண்டுசென்றது. விடுதலை இயக்கத்தைக் குறிக்க ‘ஃப்ரீடம் ஸ்ட்ரகிள்’ என்ற தொடர் இந்நாட்டில் பாடநூல் வரை ஊன்றி, அச்சொல்லுக்குப் பெருமித ஒளியைத் தந்தது. மும்பைத் திரையுலகில், வாய்ப்புத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் நடிகர் ‘ஸ்ட்ரக்லர்’ எனப்படுகிறார். இப்பெயர்ச்சொல் இங்கிலாந்தின் அகராதிகளில் பொதுப்பொருளில் உண்டெனினும், ஒரு தொழிலின் முதற்படியைக் குறிக்கும் பட்டமாக அது வளர்ந்தது மும்பையில்தான். அப்பட்டத்தில் இழிவு இல்லை. வெற்றிபெற்ற பின் பேட்டிகளில் அக்காலத்தைச் சொல்லிக்கொள்வதே வழக்கம்.

சொல்லின் பொருளை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறிய வேண்டும் என்ற கொள்கையை இருபதாம் நூற்றாண்டில் வற்புறுத்தியவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர். லாகூரில் பேராசிரியராக இருந்து பின்னர் இலண்டன் சென்ற இவர், ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தமிழ் ஒலிப்பு பற்றிய பகுதியை எழுதியவருமாவார். சொற்கள் வழக்கமாக எவற்றோடு சேர்ந்து வருகின்றனவோ அந்தச் சேர்க்கையையே பொருளின் ஒரு கூறாக அவர் கருதினார். இதே உண்மையை வகுப்பறை வழியாகக் கண்டவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், ஒவ்வொரு வினையும் எந்தெந்த வாக்கிய அமைப்புகளில் வரும் என்பதைக் குறியீடுகளால் காட்டும் அகராதியை 1942-இல் டோக்கியோவில் வெளியிட்டார். அதுவே 1948-இல் ஆக்ஸ்ஃபர்டு பதிப்பாகி, இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் கைகளில் உள்ள அகராதியாக வளர்ந்தது. 1987-இல் பர்மிங்காமில் ஜான் சின்கிளேரின் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி, கணினியில் தொகுத்த உண்மையான வாக்கியங்களிலிருந்தே பொருளை வரையறுத்து, ஒரு சொல் இனிய சூழலில் வருவதா, கசந்த சூழலில் வருவதா என்பதையும் கணக்கிட வழிசெய்தது.

பெரும்பாலான ஆங்கில–தமிழ் அகராதிகள் இப்பாதையில் இன்னும் அடியெடுத்து வைக்கவில்லை. அ. சிதம்பரநாதன் செட்டியாரின் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் 1963 முதல் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பேருழைப்பின் விளைவு. கலைச்சொல் ஆக்கத்தில் அதற்கு ஈடில்லை. எனினும் நிகரான சொற்களை அடுக்கித் தருவதே அதன் முறை. தமிழுக்குத் தமிழ் என்ற அளவில், 1992-இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் தரும் முறையைக் கொண்டுவந்து, அது இயலக்கூடியதே என்று மெய்ப்பித்துவிட்டது. ‘ஸ்ட்ரகிள்’ என்ற பதிவின் கீழ் ‘போராடு, முயல், திணறு, தவி, தத்தளி, அல்லாடு, மல்லுக்கட்டு’ என்று ஏழு சொற்களைக் காற்புள்ளியிட்டு நிறுத்துவதை விட்டு, ‘அகெயின்ஸ்ட்’ வந்தால் போராடு, ‘வித்’ வந்து பாடமோ கருவியோ தொடர்ந்தால் திணறு, இடப்பெயருக்கு முன் ‘டு’ வந்தால் தட்டுத்தடுமாறிச் சேர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தோடு காட்டும் இருமொழி அகராதியைப் பல்கலைக்கழகங்களும் பதிப்பாளர்களும் முன்வந்து தொகுக்க வேண்டும். அது வரும்வரை, பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களின் குறிப்பேட்டில் வினையைத் தனியாக எழுதச் சொல்லாமல், அதற்குரிய முன்னிடைச்சொல்லோடும் ஒரு முழு வாக்கியத்தோடும் எழுதச் சொல்வார்களாக.